மேக அறையில் காஸ்மிக் துகளின் ஆற்றலை எப்படி அளந்தார்கள்?

கேள்வி இதுதான்: மீன் தொட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், உலர்பனி இவற்றை வைத்து வீட்டிலேயே ஒரு மேக அறை (மின்னூட்டமுள்ள துகள் போன வழியில் நுண்துளிகள் படிந்து தடமாகத் தெரியும் பெட்டி) செய்தாயிற்று. தடங்களும் நன்றாகத் தெரிகின்றன. பக்கத்தில் ஒரு வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்தால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்களின் ஆற்றலை அளந்துவிட முடியுமா? 1930களில் அப்படித்தானே அளந்தார்கள்?

அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் உங்கள் தொட்டியில் அது நடக்காது. ஏன் நடக்காது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்கள் என்ன பாடுபட்டு அளந்தார்கள் என்பதும் விளங்கிவிடும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். துகள்களின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்டை ஜிஇவி என்றும் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை எம்இவி என்றும் எழுதுகிறேன். துறையில் இருப்பவர்கள் வாயில் வருவதும் இதுதான்.

மின்னூட்டமுள்ள துகள் காந்தப்புலத்துக்குக் குறுக்கே போனால் வட்டப் பாதையில் வளையும். ஓர் எலக்ட்ரானுக்குரிய மின்னூட்டம் கொண்ட துகளுக்குச் சூத்திரம் மிக எளிது: உந்தம் = 0.3 × காந்தப்புலம் × வட்டத்தின் ஆரம். புலம் டெஸ்லாவில், ஆரம் மீட்டரில் இருந்தால் உந்தம் ஜிஇவி கணக்கில் கிடைக்கும் (ஒளிவேகத்தால் வகுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்). தடம் முழு வட்டமாக இருக்காது, வட்டத்தின் ஒரு சிறு துண்டுதான் அறைக்குள் தெரியும். எனவே வில்லையும் நாணையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடத்தின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, நடுவில் தடம் அந்தக் கோட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நடு விலகல் என்று வைத்துக்கொள்வோம். அது நீளத்தின் வர்க்கத்தை 8 மடங்கு ஆரத்தால் வகுத்தால் வரும் எண்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். கடல் மட்டத்துக்கு வந்து சேரும் காஸ்மிக் கதிர்த் துகள்களில் பெரும்பாலானவை மியூவான்கள், அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள். அவற்றின் சராசரி ஆற்றல் சுமார் 4 ஜிஇவி. காந்தம் தொட்டிக்குள் 10 செ.மீ. நீளத்துக்கு 0.1 டெஸ்லா தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆரம் 130 மீட்டருக்கு மேல் வருகிறது. நடு விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. உங்கள் துளித்தடத்தின் அகலமே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய விலகலைப் பருத்தி நூல் தடிமனில் உள்ள கோட்டில் தேடுகிற கதை இது.

தொட்டியில் சில தடங்கள் நெளிந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். காந்தம் வைத்ததும் 'ஆகா, வளைகிறது' என்று தோன்றும். அவை பெரும்பாலும் சுற்றுப்புறக் கதிரியக்கத்திலிருந்து வரும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள். காற்றணுக்களில் மோதி மோதித் திசை மாறுகின்றன. காந்தம் இல்லாவிட்டாலும் அவை அப்படித்தான் போகும். நானும் முதல்முறை ஏமாந்தவன்தான். காந்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்த பிறகும் அதே நெளிவு இருந்தது.

இப்போது 1930களின் கருவிக்குப் போவோம். சி.டி.ஆர். வில்சன் 1911இல் முதன்முதலாகத் தடங்களைப் படம் பிடித்த அறை உங்களுடையது போல எப்போதும் விழித்திருக்கும் வகையல்ல. ஈரப்பதம் நிறைந்த காற்றை ஒரு உந்துதண்டால் திடீரென்று விரியவிட்டால் அது குளிர்கிறது. ஆவி தாங்கும் அளவை மீறிச் செறிந்து, எங்காவது படியக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் துகள் விட்டுச்சென்ற அயனிகள் இருந்தால் அவற்றின்மேல் துளிகள் படிகின்றன. விரிவு போதாவிட்டால் எதுவும் தெரியாது. மிஞ்சினால் அறை முழுக்க வெறும் மூட்டம். இடையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் அறை வேலை செய்யும். பிறகு துளிகளைத் துப்புரவு செய்து மறுபடி தயாராக்க நேரமாகும்.

அந்த அறையைக் காந்தத்துக்குள் வைக்கும் யோசனை காஸ்மிக் கதிருக்காக வந்ததல்ல. லெனின்கிராட்டில் திமித்ரி ஸ்கோபெல்ட்சின் 1920களின் பிற்பகுதியில் காமா கதிர்கள் உதைத்துத் தள்ளும் எலக்ட்ரான்களை அளந்துகொண்டிருந்தார். அவர் படங்களில் சில தடங்கள் வளையவே இல்லை. அவருடைய கதிரியக்க மூலம் தரக்கூடிய எந்த எலக்ட்ரானும் அப்படி நேராகப் போக முடியாது. ஆக, காஸ்மிக் கதிர்த் துகளின் ஆற்றலைப் பற்றி மேக அறை சொன்ன முதல் செய்தியே 'இன்ன அளவுக்கு மேல்' என்பதுதான். எவ்வளவு மேல் என்று சொல்ல அவருடைய காந்தத்துக்கு வலு போதவில்லை.

வலுவான காந்தம் கட்டியவர்கள் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மில்லிகனும் அவருடைய மாணவராக இருந்த கார்ல் ஆண்டர்சனும். அது 24,000 காஸ், அதாவது 2.4 டெஸ்லா வரை போகக்கூடியது. இங்கிலாந்தில் பேட்ரிக் பிளாக்கெட் 11 டன் எடையுள்ள மின்காந்தம் ஒன்றை வைத்து வேலை செய்தார். பின்னர் அது அவரோடு மான்செஸ்டருக்கும் போனது.

அந்த மாதிரிக் கருவிக்கு ஒரு கணக்கு: புலம் 1 டெஸ்லா, தடத்தின் நீளம் 30 செ.மீ. உந்தம் 1 ஜிஇவி என்றால் ஆரம் 3.3 மீட்டர், நடு விலகல் 3.4 மி.மீ. அளவுகோலால்கூட அளக்கலாம். 10 ஜிஇவி என்றால் 0.34 மி.மீ. 100 ஜிஇவி என்றால் 0.034 மி.மீ. ஆற்றல் ஏற ஏற விலகல் அதே விகிதத்தில் சுருங்குகிறது. உங்கள் அளவீட்டில் பிழை எப்போதும் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜிஇவி துகளுக்கு 3 சதவீதப் பிழை, பிரமாதம். 10 ஜிஇவி துகளுக்கு அதே 0.1 மி.மீ. பிழை என்ன செய்கிறது? 0.44 என்று அளந்தால் 7.7 ஜிஇவி, 0.24 என்று அளந்தால் 14 ஜிஇவி. கீழே இரண்டேகால் தள்ளி, மேலே நான்கு தள்ளி. பிழை இரண்டு பக்கமும் சமமாகக்கூட இல்லை. 34 ஜிஇவிக்கு வந்தால் விலகலும் பிழையும் ஒன்றே. அதற்கு மேல் துகள் நேர்மின்னூட்டமா எதிர்மின்னூட்டமா என்றே சொல்ல முடியாது, ஏனென்றால் தடம் எந்தப் பக்கம் வளைந்தது என்பதே சந்தேகம். ஒவ்வொரு அறைக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. அளவீடுகளை வெளியிட்டவர்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது இந்த எண்ணைத்தான்.

அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புகைப்படத்தின் கூர்மை ஒரு காரணம், லென்ஸின் கோணல் இன்னொன்று, இவை சமாளிக்கக்கூடியவை. பெரிய எதிரி அறைக்குள் இருக்கும் வாயுவே. துகள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் அறையைக் கடந்துவிடுகிறது. ஆனால் நாம் படம் பிடிப்பது துகளை அல்ல, அது விட்டுச்சென்ற அயனிகள்மீது வளர்ந்த துளிகளை. வாயு விரிந்து, துளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்து, விளக்கு பளிச்சிடும்வரை அந்தத் துளிகள் வாயுவோடு சேர்ந்து மிதக்கின்றன. அறையின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சற்றே குளிர்ந்திருந்தால் போதும், வாயு மெல்லச் சுழலும். தடத்தின் நடுப்பகுதி கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உங்கள் 10 ஜிஇவி கணக்கு பாழ். பக்கத்திலேயே கிலோவாட் கணக்கில் மின்சாரம் தின்று சூடேறும் காந்தச் சுருள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையை ஒரே சீராக வைத்திருப்பதில்தான் இவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி போயிருக்கிறது.

இந்தப் பொய் வளைவை எப்படி அறிவது? காந்தத்தை அணைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள். புலம் இல்லாதபோது உயர் ஆற்றல் துகளின் தடம் நேராக இருந்தாக வேண்டும். அதில் ஏதேனும் வளைவு தெரிந்தால் அது முழுக்க வாயுவும் கண்ணாடியும் செய்த வேலை. அந்த வளைவுகளின் சராசரியைத் திருத்தமாகக் கழிக்கலாம். சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவுதான் கருவியின் உண்மையான பிழை. பிளாக்கெட் இன்னொரு நுணுக்கமும் செய்தார். கண்ணால் ஒரு கோட்டின் வளைவை மதிப்பிடுவது கஷ்டம், ஆனால் ஒரு கோடு நேராக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் வெகு நுட்பமாகச் சொல்லிவிடும். எனவே படத்தை ஒரு பட்டகத்தின் வழியாகத் திருப்பி வீழ்த்தி, தடம் நேராகத் தெரியும்வரை எதிர் வளைவைச் சேர்த்துக்கொண்டே போனார். எவ்வளவு சேர்க்க வேண்டியிருந்ததோ அதுவே தடத்தின் வளைவு. தச்சர் பலகையின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, ஏறத்தாழ அந்த உத்தி.

இவ்வளவும் செய்து கிடைப்பது உந்தம். கேட்டது ஆற்றல். இரண்டும் ஒன்றல்ல.

ஒரே மாதிரி வளைந்த ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 டெஸ்லாவில் ஆரம் 33 செ.மீ., எனவே உந்தம் 100 எம்இவி. அது எலக்ட்ரான் என்றால் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 100 எம்இவி. மியூவான் என்றால் 40. புரோட்டான் என்றால் வெறும் 5. ஒரே வளைவு, ஆனால் விடையில் இருபது மடங்கு வித்தியாசம்! துகளின் நிறை தெரியாமல் ஆற்றலைச் சொல்ல வழியில்லை. உந்தம் நிறையைவிட மிகப் பெரிதாகும்போது இந்தச் சிக்கல் கரைந்துவிடும். 10 ஜிஇவியில் எலக்ட்ரானுக்கு 10, மியூவானுக்கு 9.9, புரோட்டானுக்கு 9.1. அங்கே யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வளைவை நன்றாக அளக்க முடிகிற இடத்தில் ஆள் யாரென்று தெரியவில்லை. ஆள் யாரானாலும் ஒன்றுதான் என்கிற இடத்தில் வளைவு தெரியவில்லை. இந்த இழுபறிக்குள்தான் அந்தக் காலத்து வேலை முழுவதும் நடந்தது.

ஆளை அடையாளம் காணத் தடத்தின் அடர்த்தி உதவும். மெதுவாகப் போகும் துகள் வழியில் அதிக அயனிகளை உண்டாக்கும். மேலே சொன்ன 100 எம்இவி உந்தமுள்ள புரோட்டான் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கில்தான் நகர்கிறது. எலக்ட்ரானைவிடப் பல பத்து மடங்கு தடித்த தடம் போடும், தவறவே முடியாது. எலக்ட்ரானையும் மியூவானையும் பிரிப்பதுதான் பாடு. அவற்றின் அடர்த்தி வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, துளிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

இங்கே அறையின் நடுவில் வைக்கும் உலோகத் தகடு கைகொடுக்கிறது. இதற்கு ஆண்டர்சன் 1932 ஆகஸ்ட் 2 அன்று எடுத்த படத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. புலம் 15,000 காஸ், அதாவது 1.5 டெஸ்லா. நடுவில் 6 மி.மீ. ஈயத் தகடு. ஒரே தடம் தகட்டின் இருபுறமும் தெரிகிறது. கீழே வளைவின் ஆரம் 14 செ.மீ., மேலே 5 செ.மீ. நீங்களே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: கீழே 63 எம்இவி, மேலே ஏறக்குறைய 23 எம்இவி. ஈயத்தைக் கடந்த துகள் ஆற்றலை இழக்குமே தவிர கூட்டிக்கொள்ளாது. ஆகவே இது கீழிருந்து மேலே போயிருக்கிறது. இந்தத் திசை ஒன்று தெரிந்ததும், வளைந்த பக்கத்தை வைத்து மின்னூட்டம் நேர் என்பது உறுதியாகிறது. தகடு இல்லாவிட்டால் மேலிருந்து கீழே வந்த சாதாரண எலக்ட்ரான் என்று விட்டிருப்பார்கள்.

நேர்மின்னூட்டம் என்றால் புரோட்டானாக இருக்கலாமே? மில்லிகன் அப்படித்தான் நினைத்தார், ஆண்டர்சனோடு வாதாடவும் செய்தார். ஆனால் தகட்டுக்கு மேலே உள்ள வளைவு புரோட்டானுக்குரியது என்றால் அதன் ஆற்றல் 0.3 எம்இவிதான், அது காற்றில் 5 மி.மீ. போவதற்குள் நின்றுவிடும். படத்தில் தடம் 5 செ.மீ.க்கு மேல் போகிறது, அதுவும் மெல்லியதாக. எனவே புரோட்டான் அல்ல; எலக்ட்ரானின் நிறையுள்ள நேர்மின் துகள். பாசிட்ரான் இப்படித்தான் வந்தது. வளைவு, அடர்த்தி, நீளம், தகட்டில் இழப்பு என்று நான்கு சாட்சிகளும் ஒரே படத்தில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. ஆற்றலை அளந்த பிறகு துகளை அடையாளம் கண்டார் என்று சொல்வது சரியில்லை. இரண்டும் ஒரே மூச்சில்தான் நடந்தன.

அப்புறம், தகடு இன்னொரு விதத்திலும் பயன்பட்டது. எலக்ட்ரான் கனமான உலோகத்தில் கதிர்வீச்சாக ஆற்றலைக் கொட்டிவிடும். ஈயத்தில் அரை சென்டிமீட்டர் சுமாருக்கு ஒருமுறை பெரும்பங்கு போய்விடும். ஆண்டர்சனும் நெடர்மேயரும் 1 செ.மீ. பிளாட்டினம் தகட்டை வைத்துப் பார்த்தபோது சில துகள்கள் எலக்ட்ரான்போல் இழக்கவில்லை, புரோட்டானைப்போல் தடிக்கவும் இல்லை. 1937இல் ஸ்ட்ரீட், ஸ்டீவன்சன் இருவரும் நிற்கப்போகும் நிலையில் இருந்த அப்படியொரு துகளைப் பிடித்தார்கள். துளிகளை எண்ண வசதியாக விரிவை வேண்டுமென்றே ஒரு நொடி அளவுக்குத் தாமதித்தார்கள். அதற்குள் அயனிகள் சற்றுப் பரவி, துளிகள் தனித்தனியே தெரியும். வளைவையும் அடர்த்தியையும் சேர்த்து நிறை எலக்ட்ரானைப்போல் சுமார் 130 மடங்கு என்றார்கள். இன்று நாம் அறிந்த மியூவானின் நிறை 207 மடங்கு. ஒரே ஒரு தடத்தை வைத்துச் சொன்னதற்கு இது மோசமில்லை என்பேன்.

இன்னொரு முக்கியமான மாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. தொடக்கத்தில் குத்துமதிப்பாக அறையை விரித்துப் படம் எடுத்தார்கள். பெரும்பாலான படங்கள் வெறுமை. 1932இல் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் அறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கெய்கர் எண்ணிகளை (துகள் கடந்ததும் மின்துடிப்புத் தரும் கருவிகளை) வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் அறை விரியும்படி செய்தார்கள். துகளே தன் படத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பத்தில் எட்டுப் படங்களில் தடம் கிடைத்தது. ஆற்றல் அளப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு: குறைந்த ஆற்றல் துகள் காந்தப்புலத்தில் அதிகம் வளைந்து கீழ் எண்ணியைத் தவறவிட்டுவிடும். அதனால் அந்தப் படங்களில் உயர் ஆற்றல் துகள்களின் பங்கு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆற்றல் பரவலை வரைவதற்குமுன் அதைத் திருத்தியாக வேண்டும்.

காந்தமே இல்லாமலும் அளந்தார்கள். அறைக்குள் பல ஈயத் தகடுகளை அடுக்கினால் மியூவான் எத்தனையாவது தகட்டில் நின்றது என்பதைப் பார்த்து ஆற்றலைச் சொல்லலாம். வேகமான மியூவான் ஒரு செ.மீ. ஈயத்துக்கு ஏறத்தாழ 13 எம்இவி இழக்கும். நிற்காமல் போகிறவற்றுக்கு, ஒவ்வொரு தகட்டிலும் அது எவ்வளவு கோணம் திரும்பியது என்று பார்க்கலாம்: ஒரு செ.மீ. ஈயத்தில் 1 ஜிஇவி துகள் சராசரியாக ஒரு டிகிரி அளவுக்குத் திரும்பும், 100 எம்இவியில் இது பத்து டிகிரியைத் தாண்டும். இது நிகழ்தகவு விவகாரம், ஒரு தகட்டை நம்ப முடியாது. எலக்ட்ரானோ ஃபோட்டானோ வந்தால் தகடுகளுக்கிடையே பொழிவாகப் பெருகும். 1937இல் பாபாவும் ஹைட்லரும் தந்த பொழிவுக் கோட்பாடு இருப்பதால், எத்தனை தடங்கள் என்று எண்ணியே தொடக்க ஆற்றலுக்குப் போகலாம். வளைவுக்கு நேர்மாறாக இங்கே ஆற்றல் கூடக்கூட எண்ணிக்கையும் கூடி அளவீடு வசதியாகிறது. இன்றைய துகள் ஆய்வகங்களில் ஆற்றல்மானிகள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

மேக அறை எட்டிய உயரம் பத்து, இருபது ஜிஇவி வட்டாரம். காஸ்மிக் கதிர்களோ அதைப்போல் பல கோடி மடங்கு வரை போகின்றன. 1930களின் இறுதியில் பியேர் ஓஜே, ஒன்றுக்கொன்று தொலைவில் வைத்த எண்ணிகள் ஒரே நேரத்தில் துடிப்பதைக் கண்டு 10¹⁵ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அந்த உயரத்தில் வளிமண்டலமே தகடு. எந்தக் காந்தமும் உதவாது.

சரி, உங்கள் தொட்டியில் என்னதான் செய்யலாம்? குட்டையாக, தடித்துத் தெரியும் தடங்கள், காற்றில் கலந்திருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள். அவற்றின் நீளத்தை அளந்தால் ஆற்றல் கிடைக்கும்; 5.5 எம்இவி ஆல்ஃபா சாதாரணக் காற்றில் 4 செ.மீ. போகும், குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியதால் உங்கள் தொட்டியில் சற்றுக் குறைவாக. அது காஸ்மிக் கதிர் அல்ல, ஆனால் நேர்மையான ஆற்றல் அளவீடு. காந்தத்தை வைத்தே தீருவேன் என்றால், வைப்பதற்கு முன்னால் ஓர் ஐம்பது நீண்ட நேரான தடங்களைப் படம் எடுங்கள். கேமராவை நகர்த்தாதீர்கள். ஒவ்வொன்றிலும் நடு விலகலை அளந்து குறித்துக்கொண்டு, அந்த எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். பிறகு காந்தத்தை வையுங்கள். அந்தச் சிதறலைத் தாண்டிய வளைவு ஏதாவது தெரிந்தால், அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.